முகத்துவாரத்தில் போட்ட பூக்கள்

டீச்சரம்மா வருகிற நாளன்று நங்கூரத்துக்குச் சோறு இறங்காது. காலையிலிருந்தே தட்டைத் தள்ளிவிட்டுப் படகைக் கழுவுகிறேன், இன்ஜினைப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு திரிவார்.

நங்கூரம் என்பது பட்டப்பெயர். உட்கார்ந்த இடத்தை விட்டு லேசில் எழுந்திருக்க மாட்டார் என்பதால் அவருடைய மச்சினன் வைத்தது. ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சொந்தப் படகு, தூண்டில் தொழில், துணைக்கு அந்த மச்சினன். வீட்டில் மனைவி. ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு.

போர் நடந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கடற்கரையில் பதினோரு போர் விமானங்கள் விழுந்தன. ஒன்று உப்பளத்தில், ஒன்று சதுப்பில், ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில். நல்லவேளை அன்று விடுமுறை. போர் முடிந்ததும் கடற்படைக்காரர்கள் துறைமுக வாசலில் ஒரு பலகை நட்டார்கள். விமானத்தின் எண், விழுந்த தேதி, விழுந்த இடம். பத்து விமானங்களுக்கு நேராக இடத்தின் பெயர் இருந்தது. பதினோராவதுக்கு நேராக ‘கடலில், இடம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் தீ தெரிந்ததாகக் கலங்கரை விளக்கக் காவலாளி சொல்லியிருந்தார். அங்கே ஒரு மாதம் துழாவிப் பார்த்துவிட்டுக் கடற்படை கையை விரித்துவிட்டது.

அந்த விமானத்தில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் டீச்சரம்மாவின் தம்பி. வருஷா வருஷம் விமானம் விழுந்த அதே தேதியில் டீச்சரம்மா பஸ் ஏறி வருவார், ஒரு பை நிறைய வெள்ளைப் பூவோடு. நங்கூரத்தின் படகில் முகத்துவாரம் வரை போய்ப் பூவைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்புவார். இது ஒன்பதாவது வருஷம்.

விமானம் முகத்துவாரத்தில் இல்லை. நேர் எதிர்த் திசையில், ஒரு மணி நேரத் தூரத்தில் கிடக்கிறது. அது நங்கூரத்துக்குத் தெரியும். டீச்சரம்மா முதல் தடவை அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு வருஷம் முன்பே தெரியும்.

கடலடியில் எது கிடந்தாலும் மீன் அதைச் சுற்றிக் குடியேறிவிடும். அந்த இடத்தில் கலவா மீன் அப்படிக் கடித்தது. ஒருநாள் தூண்டில் எதிலோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அவரும் மச்சினனும் சேர்ந்து இழுத்ததில் ஒரு தகடு வந்தது. ஆணி வரிசை, பாதி அழிந்த எண். துறைமுக வாசலில் தினமும் கண்ணில் படுகிற எண்தான். நங்கூரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் யோசித்தார். பிறகு திரும்பக் கடலில் போட்டுவிட்டார்.

தொழிலில் அது ஒன்றும் புதிதில்லை. நல்ல இடம் அகப்பட்டால் பெற்ற பிள்ளைக்குக்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். கரையில் உயரமாகத் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர் வைத்து, பக்கவாட்டில் இன்னும் இரண்டை நேர் வைத்து, இரண்டு கோடும் கூடுகிற இடத்தை மனசில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, வடக்கே ஒரு விமானம் கிடைத்தபோது கடற்படை சுற்றிலும் சிவப்பு மிதவை கட்டி மூன்று வருஷம் ஒரு படகையும் உள்ளே விடவில்லை. நங்கூரம் கமுக்கமாக இருந்துவிட்டார். வீட்டுக்கு ஓடு மாற்றியது, புது இன்ஜின், மகளின் படிப்பு எல்லாம் அந்த இடத்து மீன்தான்.

அதுவரைக்கும் அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தானே. பிறகுதான் அந்தம்மா வந்து, “தம்பி, உன் படகு வருமா?” என்று கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பி வரும்போது சொல்லலாம் என்று நினைத்தார், சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் சொன்னால் போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்பார். மூன்றாம் வருஷம் கேள்வி இன்னும் பெரிதானது. வருஷம் ஏற ஏற வாய் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரிக்கும் தெரியும். டீச்சரம்மா சாப்பிட வரும் அந்த ஒரு நாள் மட்டும் அவள் மீன் சமைக்க மாட்டாள். “மீன்காரன் வீட்டுல வந்து வருஷா வருஷம் காய்கறி தின்னுட்டுப் போறது நான் ஒருத்திதான்” என்று டீச்சரம்மா சிரிப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

இந்த வருஷம் முகத்துவாரத்தில் பூவைப் போட்டு முடித்ததும் டீச்சரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த வருஷத்தோட சரி, தம்பி. முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. படகுப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அப்பாடா என்றிருந்தது நங்கூரத்துக்கு. அந்த அப்பாடா தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

டீச்சரம்மா தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தார். “என் தம்பி எங்க கெடக்கிறான்னு தெரியாட்டியும், பூப் போட இன்னொரு தம்பி கூட்டிட்டு வந்தானேன்னு நெனச்சுக்குவேன். அது போதும்.”

நங்கூரம் இன்ஜினைக் கிளப்பினார். படகு கரைக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போனது.

“மச்சான், வீடு இந்தப் பக்கம்” என்றான் மச்சினன்.

“பேசாம உக்காரு மாப்ள.”

அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். “கிறுக்கா புடிச்சிருக்கு? பொண்ணு படிப்பு பாதியில நின்னு போயிடும்.”

நங்கூரம் வேகத்தைக் கூட்டினார். ஒரு மணி நேரம் கழித்து, கரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் வந்து மறைந்தது. பக்கவாட்டில் புகைபோக்கியும் குன்றும் நேரானதும் இன்ஜினை நிறுத்தினார்.

“முகத்துவாரத்துல இல்லம்மா. இங்கதான்.”

“என்ன இங்கதான்?”

“விமானம். உங்க தம்பி.” தகடு வந்த கதையை, எண்ணைப் பார்த்த கதையை ஒரே மூச்சில் சொன்னார்.

டீச்சரம்மா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எப்போ?”

உண்மைக்கு இத்தனை தூரம் வந்தவர் கடைசி அடியில் சறுக்கினார். “போன மாசம்.”

மச்சினன் ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தான்.

பையில் பூ இல்லை. எல்லாம் முகத்துவாரத்தில் போய்விட்டது. டீச்சரம்மா பையைத் திறந்து பார்த்து, ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இதழை எடுத்துப் போட்டார். பிறகு குனிந்து மணிக்கட்டு வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். நங்கூரத்தால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ஈரக் கையால் அவர் நங்கூரத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எனக்காக இத்தன வருஷம் தேடியிருக்க. நீ நல்லாயிருக்கணும் தம்பி.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சரம்மா சாப்பிடக்கூட உட்காரவில்லை. மேஜையில் மகளின் பழைய நோட்டைப் பிரித்துக் கடற்படை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். “இந்தப் படகுக்காரர் தம் பிழைப்பையும் பொருட்படுத்தாது ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் தேடி...” சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். வாசலில் இருந்த மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

“நிறுத்துங்கம்மா” என்றார் நங்கூரம். “போன மாசம் இல்ல.”

டீச்சரம்மா நிமிர்ந்தார்.

“நீங்க மொத தடவ வர்றதுக்கு முன்னாடியே தெரியும். மீன் கெடைக்குதேன்னு சொல்லாம இருந்துட்டேன்.”

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். எழுதிய பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துப் பையில் வைத்தார். நங்கூரம் திட்டுக்காகக் காத்திருந்தார். நாலு வார்த்தை கன்னாபின்னாவென்று வந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம், காலில்கூட விழலாம். ஒன்றும் வரவில்லை. நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார் டீச்சரம்மா.

“கடற்படைக்கு நீங்களே எழுதுங்க. எந்த இடம், எப்படிக் கண்டுபிடிக்கிறது, எல்லாம்.”

எழுதினார். தூண்டில் பிடித்துக் காய்த்த விரலுக்குள் பேனா நிற்காமல் வழுக்கியது. தொட்டி, கலங்கரை விளக்கம், புகைபோக்கி, குன்று. யாரிடமும் சொல்லாத நாலு அடையாளமும் நாலு வரியில் முடிந்துபோனது. அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டீச்சரம்மா வாங்கிப் படித்துவிட்டு வைத்தார்.

“இன்னொண்ணும் எழுதணும்.”

“யாருக்கும்மா?”

“என் தம்பிகூடப் போன பையனுக்கு ஒரு அக்கா இருக்கா. அவ அம்மா வருஷா வருஷம் நான் திரும்பி வர்ற வரைக்கும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருப்பாங்க, ஏதாவது தெரிஞ்சுதான்னு கேக்க. படகுக்காரர் நல்ல மனுஷர், தெரிஞ்சா சொல்லிடுவார்னு சொல்லுவேன்.” நிறுத்தினார். “ஆறு மாசத்துக்கு முன்னாடி போயிட்டாங்க.”

நங்கூரம் பேனாவைக் கீழே வைத்தார். “அந்த அக்காவுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?”

“அவ அம்மா உயிரோட இருந்தப்பவே உங்களுக்குத் தெரியும்னு எழுதுங்க.”

மனைவி வயசில் ஒருத்தியோ, தன் வயசில் ஒருத்தியோ, எந்த வீட்டில் எந்த வாசலில் நின்று இதைப் பிரித்துப் படிக்கப் போகிறாளோ. அவமானம் கழுத்தில் சூடாக ஏறியது. இதற்குக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால்கூடத் தேவலை என்றிருந்தது. பேனாவை எடுத்தார். தேதி போட்டார். வெகுநேரம் கழித்து முதல் வரியை எழுதினார்: உங்கள் அம்மா இருக்கும்போதே எனக்குத் தெரியும்.

மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“எனக்குன்னு போடாதீங்க” என்றாள். “எங்களுக்குன்னு போடுங்க.”

டீச்சரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நங்கூரம் ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே இன்னொன்றை எழுதினார். டீச்சரம்மா அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.