டைனமோவில் வைத்த சந்தனம்

ரெங்கசாமியின் கடிதம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணன் நாகையாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து லோரிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு நிறுத்திச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் நாகையாவின் தம்பி பெயரும் ஏறிவிட்டது.

'பன்னிரண்டு மணிக்கு சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல். சொந்தக்காரர் நேரில் வந்து இவன் என் பொறுப்பு என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவதாகப் பட்டியல் எழுதும் கிராணி சொல்கிறார். அண்ணே, நீ வந்தால் போதும்.'

நாகையா அதை இரண்டு முறை படித்தான். மூன்று மாதத்துக்கு முன் தம்பி இதே வாசலில் நின்று, "இங்கயே ஏதாச்சும் வேல பாத்துக்கறேண்ணே" என்று கெஞ்சினான். "தோட்டத்த விட்டுட்டு வந்து என் தலையில ஏறாத" என்று அனுப்பியவன் நாகையாதான். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு அப்படிப் படவில்லை.

காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் கப்பலின் புகையைத்தான் பார்க்கலாம். அதனால் என்ன, வாடகைக்கு ஓட்டும் சொந்தக் கார் வாசலில் நிற்கிறதே! ஆனால் காருக்கு ஒரு வாரமாக உடம்பு சரியில்லை. பேட்டரியைக் கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் ஓடும், அப்புறம் படுத்துவிடும்.

ஸ்டார்ட்டரை அழுத்தியும் கிளம்பாததால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். இஞ்சின் கிளம்பியது. கிளம்பி என்ன பயன்? ஆம்பியர் முள் மைனஸ் பக்கமே சாய்ந்து கிடந்தது. இஞ்சின் ஓடும்போது டைனமோதான் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். அது சும்மா சுற்றிக்கொண்டிருக்க, பேட்டரி தன்னிடம் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் செலவழித்தது. அந்த உயிருக்கு ஐந்து மைல் போகலாம். துறைமுகமோ இருபத்தைந்து மைலுக்கு மேல். இஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தான்.

பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சுரண்டினான். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இழுத்துக் கட்டினான். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவி, சந்தேகப்பட்ட இடத்தில் புது வயர் போட்டான். பேட்டரிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் கட்-அவுட் பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு இஞ்சினைச் சுற்றிப் பார்த்தான். முள் அசைவேனா என்றது.

"கூட வாடகைக்கு ஓட்டுற ராதாகிருஷ்ணன் காரையாச்சும் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி நல்லம்மாள், ஒன்பது மணிக்கு.

"இந்தா, முடிஞ்சிருச்சு."

ஒன்பதரைக்கும் அதையே சொன்னான். பத்துக்கும் அதையே சொன்னான். தன் காரைத் தனக்குத் தெரியாதா என்ற வீம்பு.

டைனமோவைத் தொடாமலா இருந்தான்? வெளியே தட்டிப் பார்த்தான். மூடியைக் கழற்றி எட்டியும் பார்த்தான். ஆனால் உள்ளே கை வைக்கவில்லை. சென்ற வாரம் ஆயுத பூசைக்கு எல்லோரும் காருக்கு வெளியே சந்தனம் வைத்தார்கள். சவாரி இல்லாத வருஷமாயிற்றே என்று நாகையா மட்டும் ஒரு படி மேலே போய், டைனமோவுக்குள் மின்சாரம் பிறக்கிற இடத்துக்கே தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்திருந்தான். பூசைச் சந்தனத்தைத் துடைக்கலாமா? தானாக உதிரட்டும் என்று பயபக்தியோடு மூடியை மூடிவிட்டான்.

பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து திரும்பினார் பக்கத்து வீட்டுக் கனகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் பட்டறையில் மின்சார வேலை. விஷயத்தைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே டைனமோ மூடியைத் திறந்தார்.

"உதென்ன நாகையா, மஞ்சளாக் காய்ஞ்சு கிடக்கு?"

"சந்தனங்க. பூசைக்கு வெச்சது."

"கடவுளே! கரித்துண்டு ஏறி இறங்குற இடத்திலயோ பொட்டு வைச்சனீர்? இறுகிப் போய்க் கிடக்கு. கரி உள்ளுக்க இறங்கிச் சுத்துற செம்பைத் தொட்டாத்தானே கரண்ட் வரும்!"

ஒரு குச்சியில் துணியைச் சுற்றிப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தார். சிக்கியிருந்த கரித்துண்டு டக்கென்று இறங்கி உட்கார்ந்தது. பத்து நிமிட வேலை. நாகையா ஹாண்டிலைச் சுற்றினான். இஞ்சின் வேகம் எடுத்ததும் முள் துள்ளி பிளஸ் பக்கம் ஏறியது. நல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மணி பதினொன்றேகால் தாண்டியிருந்தது.

அவன் ஓட்டிய ஓட்டத்தில் கிள்ளான் ரோட்டுக் கோழிகளெல்லாம் காட்டுக்குள் ஓடின. "பொறுப்பு நான்தாங்க, பொறுப்பு நான்தாங்க" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். துறைமுக வாசலில் இறங்கியபோது பன்னிரண்டரை. கூட்டமே இல்லை. கிழிந்த பாயும் உடைந்த தகரப் பெட்டியும் கிடந்தன. ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது.

பேரேடும் கையுமாக நின்ற கிராணியிடம் ஓடினான்.

"ரெங்கசாமியா?" கிராணி அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் படகுல ஏறின பிறகும் அந்தா, அந்தக் கல்லு மேலயே உக்காந்திருந்தான்யா. ஏறுடான்னா, 'எங்கண்ணன்கிட்ட காரு இருக்குங்க, வந்துரும்'ங்கறான். கடைசிப் படகுக்கும் ஆளு எழுந்திரிக்கல. ரெண்டு பேரு கையப் புடிச்சுத்தான் ஏத்தினாங்க."

நாகையா அந்தக் கல்லருகே போய் நின்றான். வெயிலில் அது சுட்டது. கப்பலில் எந்தப் புள்ளி தம்பி என்று தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன, இங்கிருந்து கத்தினால் கேட்கவா போகிறது? அப்படியும் ஒருமுறை கத்தினான். "டேய் ரெங்கா, வந்துட்டேன்டா!"

கப்பல் திரும்பி மறையும்வரை நின்றான். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினான். பாழாய்ப்போன கார் ஒரே அழுத்தில் கிளம்பியது.