வெங்காயத்துக்குப் போன கடிதங்கள்

விளக்குத் திருநாள் முடிந்ததும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்களை வணங்கும் விழா. ஊ சான் ஞுன் வாத்தியாரிடம் படித்தவர்கள் மொன்யுவாவிலிருந்தும் மாந்தலேயிலிருந்தும் வருவார்கள், வந்த கையோடு வீட்டுக்கும் வருவார்கள். அதனால் அவர் மகள் மா சபே வீட்டை ஒழிக்கத் தொடங்கினாள். பரீட்சைத் தாள், பாடக்குறிப்பு, மாற்றல் உத்தரவு என்று கரையான் தின்றது போக மிச்சமே ஒரு வண்டி இருந்தது. பழைய பேப்பர்காரன் அதை எடை போட்டு, ஈடாக வெங்காயம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தக் குவியலோடு அம்மாவின் கடிதக் கட்டும் போய்விட்டது. போய்விட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. சபே அதைப் பார்த்தாள். கட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள், அம்மாவின் சாய்ந்த எழுத்தையும் பார்த்தாள். பேப்பர்காரன் அதைத் தராசில் வைக்கும்போது அவள் வாயைத் திறக்கவில்லை.

வாத்தியார் சின்ட்வின் ஆற்றின் மேல்கரைப் பள்ளிகளில் தனியாகக் கிடந்த காலத்தில் மனைவி எழுதிய கடிதங்கள் அவை. மனைவி காலமானாள். பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அன்றிலிருந்து சாயங்காலமானால் சபே உட்கார்ந்து ஒரு கடிதம் படித்தாக வேண்டும். கோழிக்குச் சீக்கு, எள்ளு சரியாகக் காய்க்கவில்லை, குழந்தைக்குப் பல் விழுந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அவர் சிரிக்கிற இடத்தில் சிரிப்பார். வேகமாகப் படித்தால் மெதுவாகப் படி என்பார். நாற்பது தாண்டிய ஒருத்திக்கு ஒரு சாயங்காலமாவது தனக்கென்று இருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததில் தப்பே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாளே, அதுதான் தப்பு.

அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அவர் தட்டுத் தடுமாறிச் சமையலறைக்குப் போய், தடவித் தடவி இஞ்சி சீவி, வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இரண்டு நாள் அதே சாக்கில் ஓடியது. மூன்றாம் நாள் பேப்பர்காரனைத் தேடிப் போனாள். எல்லாவற்றையும் பை ஒட்டுகிற வீட்டில் கொட்டிவிட்டதாகச் சொன்னான். பை ஒட்டுகிறவள், சந்தைக்கு அனுப்பியாயிற்று என்றாள். சந்தையில் டோ பூவின் பஜ்ஜிக் கடையில் சுரைக்காய் பஜ்ஜி வாங்கினால், பையில் அம்மாவின் எழுத்து.

"என்ன சபே, பஜ்ஜிய விட்டுட்டுப் பையையே பாக்குற?" என்றாள் டோ பூ. "உங்கம்மா கோழிக்குச் சீக்கு வந்த கதைய நேத்தே பாதி ஊரு படிச்சாச்சு. அந்தக் கோழி பொழச்சுதா, இல்லையா?"

"செத்துப்போச்சு. மிச்சப் பை இருந்தா குடுங்க அக்கா."

"வெறும் பையக் குடுத்துட்டு நான் எதுல கட்டுறது? பஜ்ஜியோட வாங்கிக்க."

சட்டியில் இருந்த அத்தனை பஜ்ஜியையும் வாங்கினாள். அம்மாவின் எழுத்து இருந்தது நாலைந்து பைகளில்தான். அதிலும் பாதி வரி பசைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

விழா அன்று காலை மண்டபத்தில் பாய் விரித்து, வாத்தியார்களை மேலே உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் நின்று மன்னிப்பு வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தவர், ஊ சான் ஞுன் வாத்தியாரிடம் படித்து இப்போது நாலு லாரி வைத்து ஓட்டும் குண்டு மனிதர். மனத்தாலோ வாக்காலோ உடலாலோ எங்கள் ஆசிரியருக்குத் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்வது வழக்கம். சபேயும் அப்பாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள்தானே. கூட்டத்துக்குள் புகுந்து மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டு, எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். கோவணம் கட்டாத வயதில் அடித்த லூட்டிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற கூட்டத்தோடு தன்னுடையதும் கரைந்துவிடும் என்று நம்பினாள்.

"எல்லாத்தையும் மன்னிச்சேன். எல்லாரும் நல்லா இருங்க," என்றார் வாத்தியார்.

அவளுக்கு மனசு லேசாகவில்லை. குருடரின் பையிலிருந்து திருடியது போல இருந்தது.

சாயங்காலம் விருந்தாளிகள் போன பிறகு அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "கடுதாசிக் கட்டை எடும்மா. இன்னிக்கு நடந்ததெல்லாம் கேட்டா உங்கம்மா சிரிப்பா."

"தொண்டை இன்னும்..."

"காலையில மண்டபத்துல உன் குரல்தானே ஓங்கிக் கேட்டுச்சு."

சபே அந்தப் பைகளை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். அவர் விரலில் எண்ணெய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"என்னது இது, பஜ்ஜிப் பையா?"

"அம்மா கடுதாசிப்பா. இவ்வளவுதான் மிச்சம். பேப்பர்காரன்கிட்ட வெங்காயத்துக்குப் போட்டுட்டேன்."

"தெரியாமப் போட்டியா?"

"தெரிஞ்சுதான். தினமும் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு."

அவர் பையில் பசை ஒட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "காலையில அவ்வளவு சத்தமா கேட்டது இதுக்குத்தானா?" என்றார்.

"ஆமாப்பா."

"குடுத்த மன்னிப்பத் திரும்ப வாங்குற வழக்கம் நமக்கு இல்ல. வச்சுக்க," என்றார். "ஆனா நீ விஷயத்தைச் சொல்லிட்டு வந்து கால்ல விழுந்திருந்தேன்னு வையி, குடுத்திருக்க மாட்டேன், சபே."

பைகளை ஒவ்வொன்றாக நீவி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சபே அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இனிமேல் அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு வழியில்லை.