செல்லியின் அட்டை

ஏரியூர் பக்கம் பிரசவம் பார்க்கும் நர்ஸாகப் பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. "புள்ள பெக்காத ரோசம்மாளுக்கு என்னா தெரியும்?" என்று என் காதுபடவே பேசுவார்கள். தங்கம்மாள் என்றொருத்தி அப்படித்தான் பிரசவத்தில் வீட்டிலேயே செத்தாள்.

எழுபத்துநாலில் மெட்ராஸிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள், கம்ப்யூட்டரில் போடுகிற ஓட்டை போட்ட அட்டைகள் ஒரு கட்டு விட்டுப்போனார்கள். எனக்கோ என் பேச்சு எடுபடாத வயிற்றெரிச்சல். ஓர் அட்டையில், நாள் நெருங்கியிருந்த ராமக்காவின் பெயரை டைப் அடித்து, கீழே 'ஆஸ்பத்திரியில் பிரசவம்' என்று போட்டேன். மெட்ராஸ் மெஷின் கணக்குப் போட்டு அனுப்பியது என்றேன். மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதன்பிறகு எல்லோருக்கும் அட்டை வேண்டும். நான் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதையே அடித்துக் கொடுத்தேன்; கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். பொய் சொல்கிறோமே என்று உறுத்தவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

செல்லிக்கு ஏழாம் மாசம் எல்லாம் சரியாக இருந்தது. 'வீட்டில் பிரசவம்' என்று அடித்துக் கொடுத்தேன். வலி கண்ட காலையில் போய்த் தொட்டால் குழந்தை குறுக்கே கிடக்கிறது.

"வண்டி கட்டுங்க. இப்பவே கெளம்பணும்," என்றேன்.

அவள் புருஷன் கரியன் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்தான். "வூட்லயே பெத்துக்கலாம்னு மெஷின் சொல்லியிருக்குதுங்களே."

"அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. இப்ப புள்ள திரும்பிக்கிச்சு."

"அதெல்லாம் கணக்குப் போடாமயா அனுப்பியிருக்கும்?"

"மெஷினும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அதை நான்தான் அடிச்சேன். இந்தக் கையால அடிச்சேன்."

கரியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பயத்துல என்னென்னமோ பேசறீங்க நர்சம்மா. மெஷினவிட உங்களுக்குத் தெரியுமாங்க?"

மத்தியானம் வரை கெஞ்சினேன். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்த பிறகுதான் வண்டி கட்டினான். வண்டி பாதி வழியிலேயே திரும்பியது. செல்லியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

காரியம் முடிந்து கரியன் என்னைத் தேடி வந்தான். அட்டையைக் கிழித்து என் முகத்தில் எறிவான் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அட்டை சரியாத்தான் சொல்லுச்சுங்க. அன்னிக்கு நீங்க அச்சானியமா பேசுனீங்க, அதான் இப்படி ஆயிப்போச்சு," என்றான்.

அவன் பின்னால் ஆறு மாச வயிற்றோடு அவன் தங்கச்சி நின்றாள். அவளைப் படுக்கச் சொல்லிக் கை கழுவப் போனேன். கரியன் குறுக்கே வந்தான்.

"நீங்க தொட வேண்டாங்க. அட்டை மட்டும் வாங்கிக் குடுங்க."