வாசித்துக் காட்டப்பட்டது

மூக்குக் கண்ணாடியின் கால் ஒடிந்து பழுதுபார்க்கப் போயிருந்ததால், அன்று காலைப் பேப்பரை அவள்தான் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவருடைய நாவலை வைத்து எடுத்த நீதிமன்றத் தொடர் முந்தின வாரம்தான் தொலைக்காட்சியில் முடிந்திருந்தது. விமர்சனம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது.

"என்ன, தூக்குத் தண்டனைத் தீர்ப்பா வாசிக்கறே? இப்படி இழுக்கறியே" என்றார், பட்டாணி உரித்துக்கொண்டே.

இழுக்காமல் என்ன செய்வாள்? நடிப்பு மட்டம், வசனம் வளவள என்று அடுக்கிக்கொண்டே வந்த விமர்சகர், நாவலிலிருந்தே எடுத்த ஒரு காட்சியில் வந்து நின்றிருந்தார். மகனை அடையாளம் காட்டச் சொன்னால், 'இவன் யாருன்னே தெரியாது' என்று சாட்சி சொல்கிறாள் ஒரு தாய். கூண்டை விட்டு இறங்கிப் போகிற வழியில், அவனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போகிறாள். 'எந்த நீதிமன்றத்தில் இது நடக்கும்? கதாசிரியர் நீதிமன்ற வாசலைக்கூட மிதித்ததில்லை போலும்.'

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர் அவள் கணவர். விரலோட்டத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் 'பியானோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும் இந்தக் கண்றாவி!" என்று பேப்பரை மடித்து வீசினாள்.

அவர் சிரித்தார். ஒவ்வொரு சாட்சியத்துக்கு அடியிலும் தட்டிய வரியை, வீட்டில் மளிகைப் பட்டியலுக்குச் சொல்வதுபோலவே இதற்கும் சொன்னார்: "வாசித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது."

தோலை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். குழாய்த் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள்.

இதயம் என்றார் மருத்துவர். நாத்தனார் வேறு சொன்னாள்: "மனசு ஒடிஞ்சுதான் அண்ணன் போயிட்டாரு. அதைப் போய் வாசிச்சுக் காட்டணுமா அண்ணி?"

அவள் தன் வாயாலேயே கொன்றுவிட்டோமோ என்று குமைந்தாள். அந்த விமர்சகரைப் பொய்யனாக்கினால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தோன்ற, பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தாள்.

மூன்றாம் வாரம், நீதிமன்றத்தில் அவருடன் வேலை பார்த்த பெஞ்ச் கிளார்க் வந்தார். கடிதத்தை நீட்டினாள். "பொத்தான் போட்டது நிஜமா நடந்ததுன்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் திறக்கவில்லை. "அம்மா, அது நடக்கலை."

"என்ன சொல்றீங்க?"

"பியானோ கட்டின கதை அது. அந்தம்மா மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போச்சு. 'ஒரு பொத்தான் போட்டுவிட்டிருக்கலாமேய்யா'ன்னு இவன் அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டையே தொடலை. புஸ்தகம் வந்தப்போ, 'எவனாவது ஒருத்தன் என்னைக் கையும் களவுமாப் பிடிப்பான் பாரு'ன்னு சிரிச்சான்."

அப்படியானால் அன்று காலை அவர் சிரித்தது நிஜச் சிரிப்பு. ஒப்புக்கொண்டதும் நிஜம். அவளுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

பெஞ்ச் கிளார்க் விமர்சனத்தைக் கேட்டு வாங்கினார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை பார்க்காமல் கீழே வைத்துப் பழகாதவர். மடிப்பைப் பிரித்தவர், நிமிர்ந்தார்.

"இதையும் வாசிச்சீங்கதானே?"

மடிப்புக்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. 'ஆனாலும் இந்தத் தொடரில் உயிருள்ளது அந்தப் பொய் ஒன்றுதான். தொடரை மறந்துவிட்டு நாவலைத் தேடிப் படியுங்கள். அந்தத் தாயின் கையை மறக்க மாட்டீர்கள்.'

"முழுசா வாசிக்காம ஒப்புக்க வைக்கக் கூடா..." என்று வழக்கமாகத் தொடங்கியவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு அந்தப் பத்தியை, முதலில் மனதுக்குள்ளும் பிறகு வாய்விட்டும், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

கண்ணாடிக் கடையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கால் மாட்டியாகிவிட்டதாம், வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடி இன்னும் கடையில்தான் இருக்கிறது.