தாண்டிப்போன வரிகள்

"நீ பாக்க எப்படிம்மா இருப்பே?"

முதல் நாளே டீச்சர் அவளிடம் கேட்டார். டீச்சருக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். துப்பறியும் கதை இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அதனால் புதிதாகச் சேர்ந்த சமையல்காரி தன் மகளை வாசித்துக் காட்ட அழைத்து வந்திருந்தாள்.

"எல்லாரையும் போலத்தான், டீச்சர்."

கதவோரம் நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சின்ன வயதில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, மகளின் இடது கன்னம் முழுக்க வெந்து சுருங்கியிருந்தது. வகுப்பில் செய்த கேலி தாங்காமல் ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள்.

அந்தப் புத்தகங்களில் கொலைகாரனுக்குத் தழும்பு இருக்கும். இல்லாவிட்டால் மாறுகண், இல்லாவிட்டால் நொண்டல். நல்லவர்களுக்கு ஒரு பரு கூடக் கிடையாது. அப்படிப்பட்ட வரிகள் வந்தால் அவள் தாண்டிவிடுவாள்.

"என்னடி இது, திருடனுக்கு மூஞ்சி வைக்கவே மறந்துட்டானா இந்த ஆளு?"

"இருட்டுல வந்தானாம் டீச்சர். யாருக்கும் சரியாத் தெரியலையாம்."

டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வாயாடி! கட்டு பிரிக்கட்டும். உன்னைப் பத்தாவது எழுத வைக்கிறது என் பொறுப்பு."

அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதுகூட அம்மாவுக்குப் பரீட்சைப் பேச்சுதான்.

கட்டு பிரித்த அன்று சாயங்காலம், புதுக் கண்ணாடி வழியே டீச்சர் அவளைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நின்றது. கை தானாகப் போய், மேஜைமேல் கிடந்த பீரோ சாவியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தது.

"டீச்சர், பரீட்சைக்குப் பணம் கட்டணும்னு..." சமையல்காரி இழுத்தாள்.

"பாக்கலாம், இப்ப என்ன அவசரம்? இனிமே நானே படிச்சுக்குவேன்." பிறகு மனசு கேட்காமல், "இந்த அத்தியாயத்தை மட்டும் முடிச்சிடும்மா" என்றார்.

அவள் நேற்றைய பக்கத்துக்குத் திரும்பினாள்.

"'கன்னத்தில் வெந்த தழும்பு. அந்த முகத்தைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது...'"

"நேத்து இது வரலியே?"

"நேத்தும் இருந்துச்சு, டீச்சர். '...இவன் எதற்கும் துணிந்தவன் என்று.'"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும்மா."

அவள் புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தாள். அம்மாவுக்கு இன்னும் பாத்திரம் மிச்சம் இருந்தது. அவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.