கதவுப் பிடியில் கை

...அதுவும் எழுந்த பிறகுதான், நாற்காலியைத் தள்ளி, பையைத் தோளில் மாட்டி, கதவுப் பிடியில் கையை வைத்த பிறகுதான் இவர்களுக்கு வாய் திறக்கும், உட்கார்ந்திருந்தபோது என்ன, நாக்கை வீட்டிலேயே வைத்துவிட்டா வந்தார்கள் என்று டாக்டரம்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்போது போனாரே லிஃப்ட் மெக்கானிக், விரலைத் தகரம் கிழித்துவிட்டது என்று ஊசி போட்டுக்கொள்ள வந்தவர், அவரும் அப்படித்தான். வந்த ஆளைச் சும்மா விடுவானேன் என்று பிரஷர் பார்த்து, சிகரெட்டை விடச் சொல்லி, சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லி, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவள் தொண்டை வறளக் கேட்டபோது, "ஒண்ணும் கிடையாது டாக்டரம்மா, நான் இரும்பு" என்றார். அப்புறம் கதவருகே போய், "ஒண்ணே ஒண்ணு..." அவள் எழுதிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை, பல் டாக்டரைப் பார்க்கட்டுமா என்று ஏதோ கேட்டார், பாருங்க பாருங்க என்றாள், போய்விட்டார். இப்போது எதிரே ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மா, பிரஷர் எகிறிக் கிடக்கிறது. "மாத்திரை சாப்பிடுறீங்களா?" "போன தடவை நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க? நார்மலுக்கு எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டேன்." சுவரில் முட்டிக்கொள்ளலாமா? குடை பிடித்ததால்தானே நனையவில்லை, அதற்காக நடுமழையில் குடையை மடக்குவார்களா... மடக்குவார்கள், வராமல் போன நோய் யார் கண்ணுக்குத் தெரிகிறது, வந்தால்தானே டாக்டர் தெய்வம், வராமல் பார்த்துக்கொண்டால் வெறும் தொணதொணப்பு, வீட்டிலும் அதே பெயர்தான்... "படியேறினா மூச்சு வாங்குதா?" என்று பழக்கத்தில் கேட்டாள், கேட்ட வாய் அப்படியே நின்றது. படி. அந்த மனுஷர் படி என்று ஏதோ சொன்னாரே. லிஃப்ட் கெட்ட கட்டடத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவாங்க, நான் நடந்துதானே ஏறணும் என்று சிரித்தார், அதற்குப் பிறகு... மாடி ஏறினா தாடை வலிக்குது, நின்னா விட்டுடுது, பல் டாக்டரைப் பாக்கட்டுமா... காது வாங்கியிருக்கிறது, மண்டைக்கு ஏறத்தான் இவ்வளவு நேரம். நின்றால் விடுகிற பல்வலி உலகத்தில் எங்கே இருக்கிறது? அடிப் பாவி, அது நெஞ்சல்லவா?

"கொஞ்சம் இருங்கம்மா," என்று ஓடினாள், "மேடம், என்ன மேடம்?" என்று நர்ஸும் பின்னால் ஓடிவந்தாள். மருந்துக் கவுண்டரில் இல்லை, பெஞ்சில் இல்லை, வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார், அது கிளம்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்தது, அந்த ஓட்டை பைக் நன்றாக இருக்கட்டும். இழுத்து வந்து படுக்கவைத்து ஈசிஜி எடுத்தால் கோடுகள் சமர்த்தாக ஓடுகின்றன. "பாத்தீங்களா, நார்மல்!" என்று சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார், மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன நார்மல். "நீங்க படுத்துக்கிட்டேவா மாடி ஏறுறீங்க? வலி எப்பலேருந்து?" "போன மாசம் ஏழாவது மாடியில வந்துச்சு. அப்புறம் நாலாவதுல. நேத்து ரெண்டாவதுலயே..." மாடி மாடியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது, இவர் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "இது இதயத்துலேருந்து வர்ற வலியா இருக்கும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு, பைக்கைத் தொடக்கூடாது. இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" "சொன்னேனே டாக்டரம்மா. நீங்கதானே பாருங்கன்னீங்க." அவளுக்குச் சுருக்கென்றது. மென்று விழுங்க மாத்திரை கொடுத்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். வெளியே டைப்பிஸ்ட் அம்மா, "என்னை உக்கார வச்சிட்டு ஓடிட்டாங்க, எனக்கு பிரஷர் ஏறாம என்ன செய்யும்?" என்று நர்ஸிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலி எடுக்கப் போனாள். அதற்குள் அவர் எழுந்துவிட்டார், கையில் கடிதம், இன்னொரு கை கதவுப் பிடியில். "ஒண்ணே ஒண்ணு..." இந்தத் தடவை விடுவாளா, பேனாவைக் கீழே வைத்தாள், நிமிர்ந்து முகத்துக்கு நேராகப் பார்த்தாள், சொல்லுங்க என்றாள். அவர் அவள் கண்ணைப் பார்த்தார், வாய் வரை வந்ததை விழுங்கினார். "ஒண்ணுமில்லீங்க." அட ராமா, இப்போதுதான் முழுசாகக் கேட்க உட்கார்ந்திருக்கிறேன், இப்போது பார்த்து ஒண்ணுமில்லையா... எரிச்சல் பொங்கி வந்தது, பாதியில் எங்கேயோ தட்டி நின்றது. இத்தனை வருஷமாக, போகிற அவசரத்தில் உளறுகிறார்கள் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தாள்... அவசரமா அது? எதிரே உட்கார்ந்து டார்ச் அடிக்கிற மாதிரி இந்தக் கண்ணால் பார்த்தால் யாருக்குத்தான் நாக்கு எழும்பும், அவள் தலை எப்போது குனியும் என்றுதான் காத்திருந்தார்களோ? வீட்டிலும் அப்படித்தானோ? அவள் மெதுவாகத் தலை குனிந்தாள், பேனாவை எடுத்தாள், வெறும் தாளில் எதையோ எழுதுகிற மாதிரி கிறுக்கினாள், கோடு, சுழி, மறுபடியும் கோடு. கதவு திறக்கிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.