முனையில் நின்ற சப்பரம்

இந்த வருஷம் மாதா எங்கள் தெருவுக்கு வரப்போகிறாள். காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் போட்ட கோலத்தை அழித்துவிட்டு இன்னும் பெரிதாகப் போட்டேன்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிக் குதிக்கலையே" என்று என் கணவர் வளவன் கேலி செய்தார்.

குதிக்காமல் என்ன செய்வது? நான் இந்தத் தெருவிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். மாதாவின் முகத்தை என் வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒரே கோயிலில்தான். ஆனால் திருவிழாச் சப்பரம் மட்டும், அந்தக்காலத்தில் பண்ணைவேலை பார்த்தவர்களின் தெரு என்று, எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். கேட்டால், கரண்டுக் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்பார்கள். போன மாதம் அலையாய் அலைந்து கம்பியை உயர்த்த வைத்தோம்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் பட்டென்று கேட்டுவிட்டார்: "மாட்டுக் கொட்டகையில பொறக்க வெக்கப்படாத கடவுள், நம்ம ஊர்ல ஒரு தெருவுக்குள்ள வர வெக்கப்படுவாரா?" எனக்குக் கைதட்டத் தோன்றியது. கோயிலாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

பொழுது சாய, பேண்டு முழங்கச் சப்பரம் முனைக்கு வந்தது. அங்கேயே நின்றது. தூக்கி வந்த பெரிய தெருக்காரர்கள் அதை முட்டுக்கட்டைகளின் மேல் இறக்கினார்கள்.

"தோளு வலிக்குதுங்க சாமி. இதுக்கு மேல முடியாது" என்றார் ஒருவர்.

அத்தனை தோளும் ஒரே நேரத்தில் வலித்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக விலகினார்கள். பெரிய தெரு மளிகைக்கடை ராஜராஜன் மட்டும் சப்பரத்தைத் தாங்கும் மூங்கிலை விடவில்லை. "எனக்கு வலிக்கல" என்றார்.

சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன் மூங்கிலுக்குப் போனார். வளவனும் எங்கள் ஆண்களும் ஓடினார்கள். பாதிப் பேர் வெளியூர் வேலையில் இருந்ததால் ஆள் போதவில்லை. தூக்கியதும் சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் சப்பரம் தூக்கியதே இல்லை. நான் எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்சம் அக்காவும் வந்தார். அவர் பின்னால் இன்னும் பல பெண்கள்.

சப்பரம் எழுந்து தெருவுக்குள் திரும்பியது. பேண்டுக்காரர்கள் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, முன்னைவிடப் பலமாக அடித்தார்கள். கம்பி எங்கோ உயரத்தில் கிடந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எங்கள் வாசலில் மாமியார் காத்தாயி விம்மினார். "எழிலு, நிமிந்து பாரும்மா. மாதா நம்ம வாசல்ல நிக்கிறா. மொகம் எப்படிச் சிரிக்குது பாரு."

"எனக்கும் சேத்து நீங்களே பாருங்க அத்தை."

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் கால்களும், அவற்றுக்கடியில் கலைந்துபோன என் கோலமும்தான். மாதா என் தோள்மேல் இருந்தாள்.